கணப்பு மரம், பைக் ஸ்பிரிங், அம்மாவின் பொத்தான்... அப்பாவும் மகனும் செய்த கிட்டார்!

2020-ம் ஆண்டு ஜூன் மாதம், 'நிர்வாணா' இசைக்குழுவின் கர்ட் கோபேன் வாசித்த பழைய கிட்டார் ஒன்று அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. போன விலை, 60 லட்சம் டாலருக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டுதான் 'பிங்க் ஃப்ளாய்டு' டேவிட் கில்மரின் கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டாரை ஏறத்தாழ 40 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்திருந்தார்கள்.

இப்படிப் பழைய கிட்டார்களுக்குக் கோடிகளில் விலை பேசும் உலகத்தில், ஏலத்தின் பக்கமே வராத ஒரு கிட்டார் இருக்கிறது. அதைச் செய்ய ஆன செலவு, சுமார் 8 பவுண்ட்!

அதன் பெயர் 'ரெட் ஸ்பெஷல்'. இங்கிலாந்தின் 'குயின்' இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, 60 ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் கிட்டார். கிரிக்கெட், கால்பந்து மைதானங்களில் 'தும் தும் தட்' என்று கூட்டமே காலை உதைத்துக் கைதட்டுமே, அந்த 'வி வில் ராக் யூ' பாடலின் முடிவில் சீறிக்கொண்டு வருவது இந்தக் கிட்டார்தான். 'பொஹீமியன் ராப்சடி' பாடலின் நடுவே உருகுவதும் இதுதான்.

இதை எந்தத் தொழிற்சாலையும் தயாரிக்கவில்லை. லண்டன் புறநகரில், ஒரு சாதாரண வீட்டின் சின்ன அறையில், 16 வயதுப் பையனும் அவன் அப்பாவும் சேர்ந்து கையால் செய்தது. அதைவிட ஆச்சர்யம் என்ன தெரியுமா? மகனுக்காக மரத்தை இழைத்துக் கொடுத்த அதே அப்பா, சில ஆண்டுகள் கழித்து, மகன் அந்தக் கிட்டாரை நம்பிப் பிழைக்கப் போகிறான் என்று தெரிந்ததும் மனம் உடைந்துபோனார். இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத நிலைகூட வந்தது.

ஒரு குடும்பக் கதை இந்தக் கிட்டாருக்குள் ஒளிந்திருக்கிறது.

வாங்க முடியாது... செய்யலாமா?

பிரையன் மே பிறந்தது 1947-ல். ஹரால்டு மே, ரூத் தம்பதிக்கு ஒரே மகன். லண்டன் ஹீத்ரு விமான நிலையத்துக்கு அருகில் உள்ள ஃபெல்தம் என்ற பகுதியில் வளர்ந்தார். அப்பா ஹரால்டு, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தில் வரைவாளர். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். வீட்டில் இருந்த டி.வி, ரேடியோ எல்லாம் அவரே பாகங்களைச் சேர்த்து உருவாக்கியவை. கையில் பணம் குறைவு, கைவேலை அதிகம். ஒரு பொருள் வேண்டுமென்றால் கடைக்குப் போவதற்கு முன்னால், 'இதை நாமே செய்ய முடியுமா?' என்று யோசிக்கிற வீடு அது.

ஹரால்டுக்கு இசையும் வரும். அவரிடம் உகுலேலே-பாஞ்சோ என்ற சிறிய தந்தி வாத்தியம் இருந்தது. மகனுக்கு முதல் சுரக்கட்டுகளைச் சொல்லிக்கொடுத்தது அந்த வாத்தியத்தில்தான். ஏழாவது பிறந்தநாளுக்குப் பிரையனுக்கு ஒரு சாதாரண மரக் கிட்டார் பரிசாகக் கிடைத்தது. பையன் சும்மா இருக்கவில்லை. காந்தத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி அதில் பொருத்தி, அப்பா செய்த ரேடியோவோடு இணைத்து, அதை 'எலெக்ட்ரிக்' கிட்டாராக மாற்றிவிட்டான்.

1960-களின் தொடக்கம். இங்கிலாந்து இளைஞர்களைக் கிட்டார் பித்துப் பிடித்து ஆட்டிய காலம். 'தி ஷாடோஸ்' குழுவின் ஹேங்க் மார்வின் கையில் பளபளத்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான் எல்லோருடைய கனவும். ஆனால், அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய அந்தக் கிட்டாரின் விலை 100 பவுண்டுக்கும் மேல். மே குடும்பத்தின் வரவு செலவில் அதற்கு இடமே இல்லை.

"வாங்க முடியாது... செய்யலாமா?" என்ற பழைய கேள்வியே மீண்டும் வந்தது. 1963-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வேலை ஆரம்பமானது. வீட்டில் உபயோகத்தில் இல்லாத ஒரு படுக்கையறை பட்டறையானது. கருவிகள் எல்லாம் கையால் இயக்குபவை. முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

எது எங்கிருந்து வந்தது?

இந்தக் கிட்டாரின் பாகங்களைப் பட்டியலிட்டால், பழைய சாமான் கடைக்குள் நுழைந்ததுபோல இருக்கும்.

கழுத்து: குளிர்காயும் கணப்பின் மேல் அலங்காரமாகப் பதித்திருந்த நூறாண்டுப் பழைமையான மஹோகனி மரம். குடும்ப நண்பர் ஒருவர் தூக்கிப்போட இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தார்கள்.

உடல்: பழைய மேஜையிலிருந்து எடுத்த ஓக் மரம். அதோடு, மென்மரத் துண்டுகளை அடுக்கி ஒட்டிய பலகை. மேலே ஒட்டிய மெல்லிய மஹோகனித் தகடுதான் அந்தச் செம்பழுப்பு நிறத்தையும், 'ரெட்' என்ற பெயரையும் கொடுத்தது.

விரல்பலகையில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள்: அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

ட்ரெமலோ கைப்பிடி: சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் பை மாட்டும் கம்பி. அதன் நுனியில் இருக்கும் குமிழ், அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து வெட்டியது.

ஸ்பிரிங்: 1928-ம் ஆண்டு மாடல் பாந்தர் மோட்டார் சைக்கிளின் இன்ஜின் வால்வு ஸ்பிரிங் இரண்டு.

கணப்பு மரம் சும்மா வழிக்கு வரவில்லை. நூறாண்டுகளாகக் காய்ந்து இறுகிப்போன மரம். கிட்டாரின் கழுத்துக்குத் தேவையான வளைவுக்கு அதைச் செதுக்குவது பெரும்பாடாக இருந்தது. போதாக்குறைக்கு, புழு அரித்த துளைகள் வேறு. அந்தத் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்துத் தேய்த்துச் சமப்படுத்தினான் பிரையன். இன்றும் இந்தக் கிட்டாரின் கழுத்து மற்ற கிட்டார்களைவிடத் தடிமன். மற்றவர்கள் பிடித்துப் பார்த்தால் திணறிப்போவார்கள். பிரையனின் விரல்களோ அதிலேயே வளர்ந்தவை.

மரவேலைக்குள் ஒரு கணக்கு

கிட்டார் கழுத்தில் குறுக்கே வரிசையாக உலோகக் கம்பிகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை ஃப்ரெட் என்பார்கள். அவை சம இடைவெளியில் இருக்காது. மேலே போகப்போக நெருங்கிக்கொண்டே வரும். ஒரு ஃப்ரெட் மயிரிழை தள்ளிப்போனாலும் சுருதி போய்விடும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கம்பியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் இடம் கிடைக்கும். மீதமுள்ள நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த ஃப்ரெட். இப்படியே போனால், 12-வது ஃப்ரெட் சரியாகக் கம்பியின் பாதி நீளத்தில் வந்து நிற்கும். அங்கே அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும்.

ரெட் ஸ்பெஷலின் கம்பி நீளம் 24 அங்குலம். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இது 25.5 அங்குலம். நீளம் குறைந்தால் கம்பியின் இறுக்கமும் குறையும். விரலால் கம்பியை வளைத்துச் சுரத்தை இழைப்பது சுலபமாகும். பிரையனின் வாசிப்பில் கேட்கும் அந்தக் குழைவுக்கு இதுவும் ஒரு காரணம். அன்றைய பெரும்பாலான கிட்டார்களில் 21 அல்லது 22 ஃப்ரெட்கள்தான் இருந்தன. அப்பாவும் மகனும் 24 வைத்தார்கள். அதாவது, ஒவ்வொரு கம்பியிலும் முழுதாக இரண்டு ஸ்தாயிகள்.

உடலையும் முழுக் கட்டையாக விடவில்லை. உள்ளே வெற்றிடங்கள் விட்டுச் செய்தார்கள். காரணம் இருந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோனால், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கம்பிகளை மீண்டும் அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். மேடையில் மைக் 'கீ...' என்று அலறுமே, அந்த விஷயம்தான். ஆனால், அதை அடக்கி ஆளத் தெரிந்தவருக்கு அது வரம். சுரம் ஓயாமல் நீண்டுகொண்டே இருக்கும். அப்படி ஒலி திரும்பி வந்து கம்பியோடு கலக்க வேண்டும் என்று திட்டமிட்டே இந்த உடலை வடிவமைத்தார்கள்.

கத்தி முனையில் நிற்கும் சுருதி

கிட்டாரின் கம்பிகளை ஒரே நேரத்தில் தளர்த்தி இறுக்கி, சுரத்தை அலைபாய வைக்கும் அமைப்புதான் ட்ரெமலோ. அன்றைய கிட்டார்களில் இதற்கு ஒரு பெரிய குறை உண்டு. ஒருமுறை கைப்பிடியை அமுக்கிவிட்டால், கம்பிகள் பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்பாது. சுருதி கலைந்துவிடும்.

ஹரால்டு இதை ஒரு பொறியாளரின் கண்ணோடு பார்த்தார். எங்கெல்லாம் உராய்வு இருக்கிறதோ அங்கெல்லாம் கம்பி சிக்கிக்கொள்கிறது. உராய்வைக் குறைத்தால் சிக்கல் தீரும். அப்பாவும் மகனும் அமைப்பை மாற்றி மாற்றிச் செய்து, சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில், கடினமாக்கிய எஃகுக் கத்தியின் விளிம்பை 'வி' வடிவில் அமைத்து, முழு ட்ரெமலோவையும் அந்தக் கூர்மையின் மேல் ஊசலாட விட்டார்கள். எடைபோடும் தராசு, முள்ளின் மேல் ஆடி மறுபடி நடுவுக்கு வருமே, அப்படி! ஒரு பக்கம் கம்பிகளின் இழுவிசை. மறுபக்கம் அதைச் சமன்செய்ய மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்குகள். கம்பிகள் உட்காரும் இடத்தில் சின்னச் சின்ன உருளைகள். கம்பி நகர்ந்தால் உருளையும் கூடவே உருளும், தேய்மானம் இல்லை.

விலை உயர்ந்த கம்பெனி கிட்டார்கள் தடுமாறிய இடத்தில், வீட்டில் செய்த இந்தக் கிட்டார் சுருதி பிசகாமல் நின்றது.

தோற்றுப்போன ஒரே பாகம்

எல்லாமே முதல் முயற்சியில் சரியாக வந்துவிடவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரின் காது போன்றது பிக்கப். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். அதன் மேலே உலோகத் தந்தி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அதைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கி ஒலியாகத் தருகிறது.

பிரையன் பிக்கப்களையும் தானே சுற்றினான். ஒலி நன்றாகத்தான் இருந்தது. ஆனால், கம்பியை விரலால் பக்கவாட்டில் வளைத்தால் மட்டும் ஒலி கரகரத்தது. காந்த முனைகளை வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி அடுக்கியிருந்ததே காரணம். கம்பி ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு நகரும்போது ஒலி தடுமாறியது.

வேறு வழியில்லை என்று, பர்ன்ஸ் கம்பெனியின் 'ட்ரை-சோனிக்' பிக்கப் மூன்றைக் கடையில் வாங்கினார்கள். அதையும் அப்படியே பொருத்திவிடவில்லை. சுருள்கள் உள்ளே தளர்வாக ஆடினால் வேண்டாத இரைச்சல் வரும் என்பதால், நம் ஊர் ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும் அரால்டைட் பசையை உள்ளே நிரப்பி இறுக்கினான் பிரையன்.

அடுத்தது இணைப்பு. வழக்கமான கிட்டார்களில் எந்த பிக்கப் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சுவிட்ச் இருக்கும். இதில் ஆறு! ஒவ்வொரு பிக்கப்புக்கும் அதை இயக்க ஒரு சுவிட்ச். மின்னோட்டத்தின் திசையைத் திருப்ப இன்னொன்று. இரண்டு பிக்கப்கள் ஒரே திசையில் சேர்ந்தால் ஒலி கனக்கும். எதிரெதிராகச் சேர்ந்தால் சில அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, மெலிந்த, மூக்கால் பாடுவதுபோன்ற ஒலி வரும். ஒரே கிட்டாருக்குள் பல குரல்கள் வந்து உட்கார்ந்தன.

இதை மீட்டவும் பிரையன் மற்றவர்களைப்போல பிளாஸ்டிக் வில்லையைப் பயன்படுத்துவதில்லை. சிக்ஸ்பென்ஸ் என்ற பழைய பிரிட்டிஷ் நாணயம்தான். கம்பிகளைச் சேதப்படுத்தாத உலோகம்; அதேநேரம் கையில் வளையாது. அதன் விளிம்பில் இருக்கும் வரிகள் கம்பியில் உரசும்போது, சுரத்தின் தொடக்கத்தில் ஒரு சின்ன கரகரப்பு கேட்கும். அந்த நாணயம் 1980-ல் செல்லாததாகிவிட்டது. 1993-ல் அவருடைய இசைப் பயணத்துக்காக, நாணயங்கள் அச்சிடும் ராயல் மின்ட் நிறுவனமே தனியாகச் சில நாணயங்களை வார்த்துக் கொடுத்தது.

சில தெருக்கள் தள்ளி ஒரு பையன்

ஃபெல்தமில் மே வீட்டின் சின்ன அறையில் மரத்தூள் பறந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1964-ல், ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவிலிருந்து ஒரு பார்சிக் குடும்பம் கலவரத்துக்குத் தப்பி இங்கிலாந்து வந்தது. குடியேறியது அதே ஃபெல்தமில். அந்த வீட்டுப் பையன் ஃபரோக் புல்சாரா, மகாராஷ்டிராவின் பஞ்சகனியில் பள்ளியில் தங்கிப் படித்தவன். அவன்தான் பின்னாளில் ஃப்ரெடி மெர்குரி. நடந்துபோகும் தூரத்தில் இருந்த அந்த இருவரும் அப்போது ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை.

பிரையன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படிக்கப் போனார். கூடவே கிட்டாரும் போனது. '1984' என்ற மாணவர் குழுவில் வாசித்தார். 1967 மே மாதம் இம்பீரியல் கல்லூரியில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கச்சேரி செய்தபோது, அவருக்கு முன்னால் மேடையேறிய குழு இது. அடுத்து 'ஸ்மைல்' என்ற குழு. 1970-ல் ஃப்ரெடி வந்து சேர, 'குயின்' பிறந்தது. அடுத்த ஆண்டு பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் டீக்கன் இணைந்தார்.

அப்பாவின் கோபம்

இந்த நேரத்தில் பிரையன் வெறும் கிட்டார் கலைஞர் அல்ல. 1968-ல் இயற்பியல் பட்டம் பெற்று, வானியலில் பிஹெச்.டி ஆய்வில் இறங்கியிருந்தார். சூரியக் குடும்பத்தில் கோள்களுக்கு இடையே மிதக்கும் நுண்ணிய தூசிதான் அவருடைய பாடம். விடியலுக்கு முன்னும் அந்தி சாய்ந்த பின்னும் அடிவானத்தில் மங்கலான ஒளிக்கூம்பு ஒன்று சில நேரம் தெரியும். அந்தத் தூசியில் பட்டுச் சிதறும் சூரிய ஒளி அது. அந்தத் தூசி எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று அளக்க, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு மலைமீது அவர் ஆய்வு செய்தார். 'நேச்சர்' ஆய்விதழில் அவர் பங்குபெற்ற கட்டுரை வெளியானது. கைச்செலவுக்கு ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராகவும் வேலை பார்த்தார்.

ஆய்வேடு கிட்டத்தட்ட முடியும் தறுவாய். குயினின் முதல் ஆல்பம் 1973-ல் வெளிவந்தது. இரண்டு படகில் கால் வைக்க முடியாது என்ற நிலை. 1974-ல் ஆய்வை நிறுத்திவிட்டு இசைக்குப் போய்விட்டார் பிரையன்.

ஹரால்டால் அதைத் தாங்க முடியவில்லை. தன் சம்பளத்தில் சிக்கனம் பிடித்து மகனைப் படிக்கவைத்தவர். விஞ்ஞானியாக வரவேண்டிய பிள்ளை, நாளைக்குச் சோறு போடுமா என்று தெரியாத ராக் இசையை நம்பிப் போகிறானே என்ற தவிப்பு. எந்த ஊர் அப்பாவுக்கும் வரும் தவிப்புதான். அவர் செய்து கொடுத்த கிட்டாரே மகனை அவரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனது போலாகிவிட்டது. இருவரும் பேசாமலே இருந்த நாட்கள் உண்டு என்று பிற்காலப் பேட்டிகளில் பிரையன் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்.

ஹரால்டின் நியாயத்தையும் பார்க்க வேண்டும். அவருக்குக் கிட்டார் செய்வது என்பது அறிவியல் பாடம். மரம், எஃகு, காந்தம், கணக்கு எல்லாவற்றையும் மகனுக்குச் சொல்லித்தர ஒரு வழி. இது பொழுதுபோக்கு, வேலை வேறு என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவரும் இசை தெரிந்தவர்தானே? ஆனால், குடும்பத்துக்காக அமைச்சக வேலைக்குப் போனவர்.

கான்கார்டு விமானத்தில் வந்த சமாதானம்

ஹரால்டின் வேலைகளில் ஒன்று, ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானத்தோடு தொடர்புடையது. விமானி கண்ணுக்கு ஓடுபாதை தெரியாத நேரத்திலும் பத்திரமாகத் தரையிறக்க உதவும் கருவிக்காக அவர் உழைத்தார். ஆனால், அந்த விமானத்தில் டிக்கெட் எடுத்துப் பயணம் செய்வது அவர் சம்பளத்துக்கு எட்டாத விஷயம்.

குயின் உலகப் புகழ் பெற்ற பிறகு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் கச்சேரி. அப்பாவையும் அம்மாவையும் கான்கார்டு விமானத்திலேயே அங்கு வரவழைத்தார் பிரையன். ஆயிரமாயிரம் பேர் நிறைந்த அரங்கம். கணப்பு மரத்தில் செய்த அந்தக் கிட்டார், மகன் கையில் முழங்குவதை ஹரால்டு நேரில் பார்த்தார். நிகழ்ச்சி முடிந்ததும், இப்போது தனக்குப் புரிகிறது என்று மகனிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பல ஆண்டுகள் காத்திருந்ததாகப் பிரையன் சொல்வார்.

குப்பைத் தொட்டியிலிருந்து ஓர் ஆம்ப்ளிஃபயர்

வீட்டுச் சாமானில் கிட்டார் செய்த கதைக்கு ஒரு தம்பிக் கதையும் உண்டு. 1972-ல், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவரான ஜான் டீக்கன், தெருவோரக் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் பலகையை எடுத்து வந்தார். பழைய ஸ்பீக்கர் பெட்டியில் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் குட்டி ஆம்ப்ளிஃபயராக மாற்றினார். ரெட் ஸ்பெஷலை அதில் இணைத்துப் பார்த்தால், வயலின் போலவும் ஊதுகுழல் போலவும் ஒலித்தது! 'டீக்கி ஆம்ப்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

1975-ல் வந்த 'குட் கம்பெனி' பாடலைக் கேட்டுப் பாருங்கள். கிளாரினெட், டிராம்போன் என்று பழங்கால ஜாஸ் குழு ஒன்று பின்னணியில் வாசிப்பதுபோல இருக்கும். உண்மையில் அங்கே ஜாஸ் குழு எதுவும் கிடையாது. ரெட் ஸ்பெஷலையும் டீக்கி ஆம்பையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்கினார் பிரையன். அதே பாடலில் உகுலேலே-பாஞ்சோவும் வாசித்திருக்கிறார், சிறுவயதில் அப்பாவிடம் கற்ற வாத்தியம். சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவி பரபரப்பாக இருந்த அந்த நாட்களில், தங்கள் ஆல்பங்களில் சின்தசைசர் இல்லை என்று குயின் அட்டையிலேயே அச்சிட்டுப் பெருமைப்பட்டது. கேட்பவர்கள் நம்ப மறுத்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கிட்டார்தான்.

நகல்கள் வந்தன, அசல் போகவில்லை

விலை கொடுத்து வாங்க முடியாததால் செய்த கிட்டாரை, பிற்காலத்தில் கம்பெனிகள் போட்டிபோட்டு நகலெடுத்தன. 1980-களில் அமெரிக்காவின் கில்டு நிறுவனமும், பிறகு பர்ன்ஸ் நிறுவனமும் ரெட் ஸ்பெஷல் மாடலை விற்றன. இப்போது பிரையன் மே பெயரிலேயே ஒரு நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. ஆக, பணமில்லாத இன்றைய 16 வயதுப் பையன்கள் கண்ணாடி வழியே ஏக்கத்தோடு பார்க்கும் கிட்டார்களில் இதுவும் ஒன்று!

ஆனால், அசலின் இடத்துக்கு எந்த நகலும் வரவில்லை. 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த 'லைவ் எய்ட்' கச்சேரியில் முழங்கியது இதுதான். கால் நூற்றாண்டு மேடை வாழ்க்கையில் மரம் அடிபட்டு, மேல்பூச்சு தேய்ந்துபோனது. 1998-ல் ஆஸ்திரேலிய கிட்டார் கைவினைஞர் கிரெக் ஃப்ரையர் அதைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தார். முன்னதாக, அதை நுணுக்கமாக அளந்து மூன்று நகல்கள் செய்து தன் திறமையைக் காட்டியிருந்தார் அவர். அதன் பிறகுதான் பிரையன் அசலை நம்பி அவர் கையில் கொடுத்தார்.

2002 ஜூன் 3. இரண்டாம் எலிசபெத் ராணியின் ஆட்சிப் பொன்விழா. பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டைமாடியில் தனியாக நின்று, நாட்டின் தேசிய கீதத்தை வாசித்தார் பிரையன். உலகம் முழுக்க டி.வி-யில் பார்த்தார்கள். அவர் தோளில் தொங்கியது ரெட் ஸ்பெஷல்.

அந்தக் காட்சியைப் பார்க்க அப்பா இல்லை. ஹரால்டு 1988-ல் காலமாகியிருந்தார். 1991-ல் ஃப்ரெடி மெர்குரியும் மறைந்தார். அந்த ஆண்டுகளில் தான் மனச்சோர்வில் தவித்ததைப் பிரையன் ஒளிக்காமல் பேசியிருக்கிறார்.

அப்பா கேட்ட பட்டம்

பாதியில் விட்ட அந்தப் படிப்பு என்ன ஆனது?

2006-ல், 59 வயதில், பரணில் கிடந்த பழைய குறிப்புகளைத் தூசிதட்டி எடுத்தார் பிரையன். அவருடைய அதிர்ஷ்டம், கோள்களிடைத் தூசியின் நகர்வு பற்றி இடைப்பட்ட 30 ஆண்டுகளில் பெரிதாக யாரும் ஆய்வு செய்திருக்கவில்லை. பழைய அளவீடுகளுக்கு இன்னும் மதிப்பு இருந்தது. புதிய கண்டுபிடிப்புகளையும் சேர்த்து எழுதி, 2007-ல் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தேர்வாளர்கள் ஏற்றுக்கொள்ள, டாக்டர் பிரையன் மே ஆனார். ஆய்வைத் தொடங்கி ஏறத்தாழ 36 ஆண்டுகள் கழித்து! அப்பா ஆசைப்பட்ட பட்டம், அவர் மறைந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகு வீடு வந்து சேர்ந்தது. 2023-ல் 'சர்' பட்டமும் கிடைத்தது.

2014-ல் ரெட் ஸ்பெஷல் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார் பிரையன். அப்பாவோடு அந்தச் சின்ன அறையில் கழித்த நாட்கள்தான் அதன் உயிர். அந்த இரண்டு ஆண்டுகளில் ஹரால்டு மகனுக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தார். தவறினால் திருத்தக் கற்றுக்கொடுத்தார். சரியாக வரும்வரை விடாமல் செய்யக் கற்றுக்கொடுத்தார். மகன் அதையெல்லாம் வைத்து எந்த வேலைக்குப் போவான் என்பதுதான் அவர் போட்ட கணக்குக்கு அடங்கவில்லை.

பிரையனுக்கு இப்போது 70 வயது தாண்டிவிட்டது. ரெட் ஸ்பெஷலுக்கு 60. அப்பா யோசித்த கத்தி விளிம்பு, பைக் ஸ்பிரிங், அம்மாவின் பொத்தான்கள், 16 வயதுப் பையன் புழுத்துளையில் அடைத்த தீக்குச்சி என்று அந்த வீட்டின் எல்லாமே அதற்குள் இருக்கிறது. அடுத்த முறை 'பொஹீமியன் ராப்சடி' கேட்கும்போது, பாடகர் குரல் ஓய்ந்து கிட்டார் எழும் இடத்தில் கொஞ்சம் காது கொடுங்கள். அது அந்தப் பழைய கணப்பு மரத்தின் குரல்.